வார்னிஷ்காரர் வாங்கிய பதினாறு புள்ளி

வார்னிஷ்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்றால், குடியா, சீட்டாட்டமா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. எதைப் பார்த்தாலும் அவர் வாயில் ‘நம்ம’ என்றுதான் வரும். யாரோ ஒரு வக்கீல் வீட்டுக் கட்டில் பாலீஷுக்கு வந்திருக்கும். “நம்ம கட்டிலுக்கு இன்னும் ரெண்டு கை அடிக்கணும்” என்பார். ஓட்டல்காரர் ஒருவரின் மேஜை வந்திருக்கும். “நம்ம மேஜை மேல டம்ளரை வைக்காதீங்கப்பா, இன்னும் காயலை” என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் விரட்டுவார். வேலை முடிந்து சாமான் வண்டியில் ஏறும்போதாவது “அவங்களுது” என்று சொல்லியிருக்கிறாரா? கிடையவே கிடையாது. “நம்ம சோபா கிளம்பிடுச்சு” என்று சொல்லிவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஆமா, உங்க மாளிகையில இருந்து ஒவ்வொண்ணா கிளம்புது. படுக்கிறதுக்குத்தான் நமக்குக் கிழிஞ்ச பாய்” என்பாள் அவர் மனைவி.

“கட்டில்ல படுத்தா முதுகு வலி வரும்னு டாக்டரே சொல்றாங்க.”

“எந்த டாக்டர்? உங்க அரக்கு டப்பா டாக்டரா?”

இரண்டு அறை வீடு. பின் அறையில் சமையல், தூக்கம், பெட்டி படுக்கை எல்லாம். முன் அறைதான் பட்டறை. கட்டிலோ சோபாவோ எது வந்தாலும் அதற்கென்று அங்கே இடம் உண்டு. கட்டில் எப்போதும் ஜன்னலோரம், சோபா எப்போதும் எதிர்ச் சுவரோரம். வெளிச்சம் அப்படி வைத்தால்தான் மரத்தில் சரியாக விழும். அலமாரியில் அரக்கு, ஸ்பிரிட் பாட்டில்கள், உப்புத்தாள் கட்டு, பஞ்சைச் சுற்றுவதற்குக் கிழித்து வைத்த பழைய சட்டைத் துணி. உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியாது.

குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்து, ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். அவருக்கு அவள், அவளுக்கு அவர். வேலையிலும் அப்படித்தான். தட்டையான பலகை எல்லாம் அவர் தேய்ப்பார். பூ வேலைப்பாடு செதுக்கிய இடம் வந்தால் நகர்ந்து அவளுக்கு வழிவிடுவார். அவள் ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, இதழ் இதழாகத் தேய்த்து எடுப்பாள். பதினேழு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

கணக்கெடுக்கும் பெண் வந்த நாளன்று பார்த்து வீடு பிதுங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பெரிய பசையுள்ள குடும்பம் ஒன்று புது வீட்டுக்குக் குடிபோகிறது. அவர்களுடைய சாமான் மொத்தமும் பாலீஷுக்கு வந்திருந்தது. சோபா, சாப்பாட்டு மேஜை, அதற்கு ஆறு நாற்காலி, தலைமாட்டில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய இரட்டைக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி பதித்த மேஜை, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. நிற்க இடமில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுக்கிறது, அதற்குத்தான் வீடு வீடாக வருகிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். சொன்னாள்தான். ஆனால் மூன்றாவது கை பாலீஷ் போட்டுக்கொண்டிருப்பவன் காதில் அதெல்லாம் ஏறுமா?

“இந்த சோபா யாருதுங்க?”

“நம்மளுதுதான். உக்காருங்க, நல்லா காஞ்சிடுச்சு.”

அவளும் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே எழுதினாள்.

“அந்தக் கட்டில்?”

“நம்மளுதுதான். அந்தப் பூவைப் பாத்தீங்களா? எல்லாம் நம்ம வீட்டம்மா கைவேலை.”

“மேஜையோட நாற்காலி எத்தனை?”

“ஆறு. நம்ம ஆறுல ஒண்ணுக்கு மட்டும் கால் ஆடுது, சரி பண்ணிடலாம்.”

தன் தொழிலை ரசித்துத்தான் அவள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு மனுஷனுடைய வேலையை ஒருத்தர் நின்று இவ்வளவு விசாரித்தால் யாருக்குத்தான் உச்சி குளிராது? பின் அறையில் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். டீயோடு அவள் வெளியே வருவதற்குள், நீட்டிய தாளில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உங்கள் குடும்பம் பெற்ற சொத்துப் புள்ளி பதினாறு, எட்டுக்கு மேல் பெற்றவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தது.

“பள்ளிக்கூடத்துல நான் எட்டைத் தாண்டினதே இல்லை. இங்க பதினாறு எடுத்துட்டு ஃபெயிலாம்!” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கல்லு மாதிரி இருந்த காலம் அது. காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரை, சளி வந்தால் ஒரு கஷாயம், இதற்கு எதற்கு அட்டை? கடிதத்தை எங்கே வைத்தார்கள் என்பது கூட நினைவில்லாமல் போய்விட்டது.

அடுத்த வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் தெருக்கோடிக் குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி வரும்போது. அப்புறம் குடமே இல்லாமல் நடக்கும்போது. கடைசியில், உட்கார்ந்து ஒரு பூவைத் தேய்ப்பதற்குள் நாலு தரம் நிறுத்தி மூச்சுவிட்டாள். அரக்கு வாடைதான் காரணம் என்று நினைத்து, அவளை முன் அறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதில் அவளுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை.

பெரிய மருத்துவமனையில் நெஞ்சில் கருவி வைத்துப் பார்த்த டாக்டரம்மா, சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல், மூட்டுவீக்கம் வருமா என்று கேட்டார். வரும் என்றாள். அந்தக் காய்ச்சல் அன்றைக்கே இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அது இப்போது சுருங்கி ஊசிக் காதளவு ஆகிவிட்டது. நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைக்க வேண்டும்.

“ஆறு மாசத்துக்குள்ள பண்ணிட்டா பயமில்லை. தள்ளிப் போடாதீங்க. காப்பீட்டு அட்டை இருக்குல்ல?”

வார்னிஷ்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மனைவி முகத்தை அவர் பார்க்கவில்லை. அட்டை இல்லாமல் அந்த ஆபரேஷனுக்கு ஆகும் செலவை, உலகத்தில் இருக்கிற கட்டிலை எல்லாம் பாலீஷ் போட்டாலும் அவர்களால் கட்ட முடியாது.

காப்பீட்டு அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் ஜன்னலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அந்தக் கண்ணாடிக்காரர் கோப்பை எடுத்து, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வாசித்தார்.

“சோபா ஒரு செட். சாப்பாட்டு மேஜை, ஆறு நாற்காலி. செதுக்கின கட்டில்...”

“ஐயோ சார், அதெல்லாம் பாலீஷுக்கு வந்த சாமான் சார்! கட்சிக்காரங்களுது சார்!”

“எந்தக் கட்சி?”

“அரசியல் இல்லை சார். வேலை குடுக்கிறவங்களை அப்படித்தான் சொல்லுவோம்.”

“சொந்தம்னு சொல்லி நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“நம்மளுதுன்னு சொன்னேன் சார். சொந்தம்னு சொல்லலை.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

வித்தியாசம் இருக்கிறது. அது வார்னிஷ்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிற மாதிரி அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் உச்சுக் கொட்டினார்.

கண்ணாடிக்காரர் கெட்டவர் இல்லை. மறு ஆய்வுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டார். தொண்ணூறு நாளுக்குள் ஆள் வரும், என்றைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள் என்றார்.

என்றைக்கு என்று தெரியாதென்றால் ஒரு நாள் கூட வீட்டில் பிறத்தியார் சாமான் இருக்கக்கூடாது. இருந்த இரண்டு அலமாரியை அரைகுறையாகத் திருப்பிக் கொடுத்தார். வந்த வேலையை எல்லாம் வேண்டாம் என்றார். “வேலை தெரிஞ்சவன் வேலை வேண்டாம்னு சொல்றதை இப்பத்தான்யா பாக்கிறேன்” என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், திரும்பி வரவே இல்லை. மரக்கடை ஒன்றில் எப்போதாவது அரைநாள் வேலை கிடைத்தது. மற்றபடி மனைவியின் அக்கா புண்ணியத்தில் அடுப்பு எரிந்தது. அக்கா இரண்டு தெரு தள்ளித் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தாள். கறாரான பேச்சு, தங்கமான மனசு. புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

எழுபத்தொன்றாம் நாள் ஆய்வுக்காரர் வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். முன் அறை துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. வார்னிஷ்காரருக்கு நிம்மதி. ஆய்வுக்காரர் சுவரைப் பார்க்கவில்லை, மேலே பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அடப்பாவி மனுஷா, தரையை மறந்துவிட்டாயே! பத்தொன்பது வருஷமாக அரக்கும் வார்னிஷும் சொட்டிச் சொட்டித் தரை முழுக்கக் காப்பி நிறத்தில் இறுகிக் கிடந்தது. ஜன்னலோரம் கட்டில் நிற்கிற இடம் மட்டும் பளிச்சென்று நீள்சதுரமாக வெள்ளைச் சிமெண்ட். எதிர்ச் சுவரோரம் சோபா அளவுக்கு இன்னொன்று. நடுவில் மேஜைக் கால்களுக்கு நாலு வெள்ளைக் கட்டம்.

“இங்கெல்லாம் என்ன இருந்துச்சு?”

“கட்டில் சார். ஒரு கட்டில் இல்லை, நூறு கட்டில். எல்லாத்தையும் அதே இடத்துலதான் வைப்பேன். வெளிச்சம் சார்...”

அவர் ஓடிப் போய் அரக்கு டப்பாவை எடுத்து வந்து காட்டினார். கருத்துப்போன நகங்களைக் காட்டினார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். பேச மூச்சு இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. நான் போற வீட்டுல எல்லாம் இதே கதைதான். நான் வர்றதுக்கு முன்னாடி சாமான் பக்கத்து வீட்டுக்குப் போயிடுது” என்றார் ஆய்வுக்காரர். ‘பொருட்கள் சமீபத்தில் அப்புறப்படுத்தப்பட்ட தடயம் உள்ளது’ என்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். அடுத்த விண்ணப்பம் ஒரு வருஷம் கழித்துத்தான்.

வார்னிஷ்காரர் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் போய் நின்றார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சும்மா நின்றார். கண்ணாடிக்காரர் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார். வரிசை கரைந்ததும், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைங்களுக்குப் புள்ளி பாக்கிறதில்லை. பத்து நாள்ல அட்டை வந்துடும். புருஷன் எழுதிக் குடுத்துட்டா இன்னும் சுலபம்.”

“சார்?”

“நான் எதுவும் சொல்லலை. அட்டை வந்தப்புறம் ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா அட்டை ரத்து. ஆன செலவு மொத்தத்தையும் ஜாமீன் போட்டவங்ககிட்ட வாங்குவாங்க, கேஸும் போடுவாங்க. அடுத்த ஆள் வாங்க.”

வீட்டில் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இத்தனை வருஷத்துல என்னை விட்டுட்டு ஓட உங்களுக்குத் துப்பு இல்லை. கடைசியில அரசாங்கமே வழி பண்ணிக் குடுக்குதா?”

“விளையாடாத. போய் எழுதிக் குடுத்துட்டு வர்றேன்.”

“வேண்டாங்க.” சிரிப்பு போய்விட்டது. “அப்படி ஒரு பேச்சு எழுத்துல இருக்க வேண்டாம். என்னமோ பயமா இருக்கு.”

“எழுத்துதானே? என் வாயால கெட்டது, என் கையால சரியாகட்டுமே.”

அதற்கு மேல் அவள் தடுக்கவில்லை. தன்னால்தான் இப்படி ஆனது என்று அவர் இரவும் பகலும் கருகிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். தடுத்தால் அவர் இன்னும் உடைந்துவிடுவார் என்றுதான் அவள் சரியென்றாள்.

அலுவலகத்தில் அச்சடித்த தாளே இருந்தது. எவ்வளவு வசதி பாருங்கள்! ‘எனது மனைவியை நான் எனது சுயவிருப்பத்தின் பேரில் கைவிட்டுவிட்டேன். இனி அவளுக்கும் எனக்கும் எவ்வித ஒட்டும் உறவும் இல்லை.’ கோடிட்ட இடத்தில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. அக்கா ஜாமீன். அன்றைக்கே அவளை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று.

பத்தாம் நாள் அட்டை வந்தது, சொன்ன நாள் பிசகவில்லை. ஆனால் மருத்துவமனையில் கட்டில் கிடைக்க இன்னும் மூன்று மாதம் ஆனது. டாக்டரம்மா சொன்ன ஆறு மாதம் அதற்குள் தாண்டிவிட்டது. அந்த மூன்று மாதமும் அவர் தினமும் அக்கா வீட்டு ஜன்னலைத் தாண்டி நடப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். உள்ளே இருமல் கேட்கும். இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு போய்விடுவார். பட்டறைக்குச் சாமான் வரத் தொடங்கியிருந்தது. பூ வேலை வந்த இடத்தில் எல்லாம் அவர் கை திணறியது.

மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை ஒருவர், சொந்தக்காரராக இருக்க வேண்டும். அக்கா இருந்தாள். காப்பீட்டுத் திட்டத்துக்காரர் ஒருவர் கையில் கோப்போடு வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். வார்னிஷ்காரர் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யார் என்று கேட்டவர்களுக்கு “பக்கத்து வீடு” என்று சொன்னார். அக்கா தண்ணீர் பிடிக்க வரும் சாக்கில், சாப்பிட்டாரா என்று உள்ளே அவள் கேட்பதாக முணுமுணுப்பாள். சாப்பிட்டதாகச் சொல்லுங்கள் என்பார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை, படமெடுக்க அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சுக்கு நேரே வந்தபோது லிஃப்டுக்காக நாற்காலி நின்றது. இரண்டடி தூரம். ஆள் பாதியாகியிருந்தாள். திட்டத்துக்காரர் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் வார்னிஷ்காரரைப் பார்த்தாள்.

“ஏங்க, மணி என்னாச்சு?”

பத்தொன்பது வருஷம் அவரைக் கூப்பிட்ட அதே ‘ஏங்க’. முகம் தெரியாத ஆளிடம் மணி கேட்கிறவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பத்தே காலுங்க,” என்றார்.

“இன்னும் பத்தே காலுதானா,” என்றாள். லிஃப்ட் வந்தது, போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மதியம் ஒரு மணி, இரண்டு மணி தாண்டியது. மூன்று மணி சுமாருக்கு ஏதோ மருந்து கேட்டு அக்காவைக் கீழே அனுப்பினார்கள். அவள் போன கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி வந்து, நோயாளியின் கட்டில் நம்பரைச் சொல்லி, “அவங்க ஆளுங்க யாரு?” என்றாள்.

வார்னிஷ்காரர் எழுந்தார்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

திட்டத்துக்காரர் அடுத்த பெஞ்சில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவள் உயிரோடு இருந்தால் இன்னும் எத்தனை நாள் அந்த அட்டை வேண்டுமோ, யாருக்குத் தெரியும்?

“பக்கத்து வீடுங்க. அவங்க அக்கா கீழ போயிருக்காங்க.”

“புருஷன்?” நர்ஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “ஓ, விட்டுட்டுப் போயிட்டானா.”

“ஆமாங்க.”

“சரி, அக்கா வந்ததும் உடனே உள்ள அனுப்புங்க.”

“அவங்க எப்படி இருக்காங்க?”

“சொந்தக்காரங்ககிட்டத்தான் சொல்லுவாங்க” என்றாள். குரல் கடுமையாக இல்லை. அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அக்கா வந்தாள், உள்ளே போனாள். மூடிய கதவுக்குப் பின்னால் அவள் அலறியது நடைபாதை முழுக்கக் கேட்டது. வார்னிஷ்காரர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழ வேண்டும். அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்த அக்கா அவரைப் பார்த்தாள், திட்டத்துக்காரரைப் பார்த்தாள், அடுத்த பெஞ்சில் போய் விழுந்தாள். அவளுடைய ஜாமீன் கையெழுத்து அந்தக் கோப்பில் இருக்கிறது. தேய்ப்புப் பெட்டியைத் தவிர அவளிடமும் வேறு ஒன்றும் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்துத் திட்டத்துக்காரர் வந்து அவர் தோளைத் தொட்டார்.

“நீங்க பக்கத்து வீடுதானே? அந்தம்மாவைப் பாத்தா பாவமா இருக்கு. உடலை அவங்க வாங்கிக்கிறதுக்கு ஒரு சாட்சி வேணும். நீங்க போட்டுடுங்களேன்.”

வார்னிஷ்காரர் தாளை வாங்கினார். மேலே அவள் பெயர் இருந்தது. சாட்சியின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுத முடியாது. கைவிட்டவன் பெயராக அது ஏற்கெனவே அதே கோப்பில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

“இறந்தவருக்கு என்ன உறவுன்னு கேக்குது. காலியா விட்டா தாளைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ‘இல்லை’ன்னு எழுதுங்க,” என்றார் திட்டத்துக்காரர்.

எழுதினார்.